எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த லாங்டன்

நான் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் டான் பிரவுனின் வாசகனானதற்கு ஒருவகையில் தமிழக அரசே காரணம். 2006இல் அவருடைய நாவலை வைத்து எடுத்த 'தி டா வின்சி கோட்' திரைப்படத்தைத் தமிழகத்தில் திரையிட அரசு தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் பிறகு அந்தத் தடையை நீக்கிவிட்டது என்றாலும், அதற்குள் எங்கள் கல்லூரி விடுதியில் இருந்த ஒரே ஒரு நாவல் பிரதி, அட்டை கிழிந்து, முதுகு பிய்ந்து, அறை அறையாகச் சுற்றி முடித்திருந்தது. படம் பார்க்கக் கிடைக்காதவர்கள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு நாவலைப் படித்தோம். அன்று பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. ஆகவே, 2017இல் வந்த 'ஆரிஜின்' நாவலுக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் தம் நாவல்களின் நாயகன் ராபர்ட் லாங்டனை ஓய்வில் வைத்திருந்தவர், 2025 செப்டம்பரில் 'தி சீக்ரெட் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்ற தலைப்பில் அவரை மீண்டும் ஓடவிடுகிறார் என்றதும் முன்பதிவு செய்து வாங்கினேன். 650 பக்கங்களுக்கு மேல் நீளும் நூலை மூன்று இரவுகளில் முடித்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் கண் எரிந்தது உண்மை. ஆனாலும் புத்தகத்தை மூடியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு முழுமையானதல்ல, அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கதை செக் குடியரசின் தலைநகரான பிராகில், பனி உறைந்த குளிர்காலத்தில், ஏறத்தாழ ஒரே நாளில் நடக்கிறது. 2009இல் வந்த 'தி லாஸ்ட் சிம்பல்' நாவலில் நாம் சந்தித்த கேத்தரின் சாலமன், மனித உணர்வுநிலையை ஆராயும் அறிவியலாளர், இங்கு லாங்டனின் காதலியாக உடன் வந்திருக்கிறார். பிராக் கோட்டையில் உரையாற்ற அழைக்கப்பட்டிருக்கும் அவர், உணர்வு என்பது மூளைக்குள் உற்பத்தியாவதன்று, வெளியிலிருந்து மூளை வாங்கிக்கொள்வது என்று நிறுவும் நூல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறார். அந்த நூல் அச்சேறுவதற்குள் அவர் காணாமல் போகிறார். கையெழுத்துப் பிரதியை அழிக்க யாரோ வேகமாகச் செயல்படுகிறார்கள். இதற்கு மேல் கதையைச் சொல்வது படிக்கப்போகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

தொடக்கத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லலாம், ஏனெனில் டான் பிரவுன் எழுதிய தொடக்கங்களில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. முந்தைய இரவு கேத்தரின் ஒரு கெட்ட கனவு கண்டு விழிக்கிறார்: தலையில் கூரிய கதிர்களைக் கொண்ட கிரீடம், கையில் ஈட்டி, உடலிலிருந்து பிணவாடை, இப்படி ஒரு பெண் கட்டிலின் அருகே நின்று, ஓட்டலில் இருப்பவர்கள் எல்லோரும் சாகப்போகிறார்கள் என்று சொல்கிறாள். விடிகாலையில் நீச்சலை முடித்துக்கொண்டு சார்லஸ் பாலத்தின் வழியாகத் திரும்பும் லாங்டனுக்கு எதிரே, அதே கிரீடம், அதே ஈட்டி, அதே வாடையுடன் ஒரு பெண் நடந்து வருகிறாள். தர்க்கத்தையே நம்பி வாழ்ந்த அந்த ஹார்வர்டு பேராசிரியர் ஓட்டலுக்கு ஓடி, தீ எச்சரிக்கை மணியை இழுத்துவிட்டு, ஏழு மணி அடிப்பதற்குள் சன்னல் வழியாக உறைபனி மிதக்கும் வல்டாவா ஆற்றில் குதித்துவிடுகிறார். குண்டு எதுவும் வெடிப்பதில்லை. சொட்டச் சொட்ட நனைந்து கரையேறுபவரைக் காவலர்கள் சுற்றி நிற்கும்போது, அந்தப் பெண் எப்படி வந்தாள் என்ற கேள்வி நம் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து நாவல்களில் ஒருமுறைகூட நிலை தடுமாறாத மனிதரை அறிமுக அத்தியாயங்களிலேயே ஊர் சிரிக்கும்படி செய்துவிட்ட துணிச்சலை நான் மிகவும் ரசித்தேன்.

பிராக் நகரமோ டான் பிரவுனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்தது போன்றது. சார்லஸ் பாலத்துக்கு 1357ஆம் ஆண்டு, 9ஆம் நாள், 7ஆம் மாதம், காலை 5:31 மணிக்கு, ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும் வரிசை அமையும்படி நேரம் குறித்து அடிக்கல் நாட்டினார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. நேரம் குறிக்காமல் கடைக்கால் போடாத நமக்கு அது வியப்பாக இராது. ஏசு சபையினர் கட்டிய கிளெமென்டினத்தின் பரோக் பாணி நூலகம், ஈபிள் கோபுரத்தைப் பார்த்து 1891இல் எழுப்பிய பெட்ரின் கோபுரம், அணுகுண்டுக்கு அஞ்சி 1950களில் ஃபோலிமங்கா பூங்காவுக்கு அடியில் தோண்டிய பதுங்கு அறைகள் என்று ஒவ்வோர் இடமும் கதையின் ஓட்டத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால், பாத்திரங்கள் எந்தத் தெருவில் திரும்புகிறார்கள் என்பதுவரை தொடர்ந்து செல்ல முடிகிறது. ஊர்சுற்றிக் காட்டுவதில் இன்றைய திகில் எழுத்தாளர்களில் இவருக்கு நிகர் யாரும் இல்லை என்ற என் நம்பிக்கை உறுதிப்பட்டது.

அந்த நகரத்தின் இருட்டிலிருந்து எழுந்து வருபவன்தான் இந்நாவலின் உயிர். பதினாறாம் நூற்றாண்டில் ரபி லோ என்ற யூத குரு, தம் மக்களைக் காப்பாற்ற ஆற்றுக் களிமண்ணால் ஓர் உருவம் செய்து உயிரூட்டினார் என்பது பிராக் யூதர்களின் பழங்கதை. அதன் நெற்றியில் 'உண்மை' என்று பொருள்படும் மூன்று எபிரேய எழுத்துகள் இருக்கும்; முதல் எழுத்தை அழித்துவிட்டால் மிஞ்சுவது 'இறந்தது' என்ற சொல், உருவமும் மண்ணாகிவிடும். டான் பிரவுனின் கொலையாளி முகமெங்கும் களிமண்ணை அப்பிக்கொண்டு, அதே மூன்று எழுத்துகளை நெற்றியில் எழுதிக்கொண்டு, தான் காக்கவேண்டிய ஓர் உயிருக்காக நகரத்தில் அலைகிறான். முந்தைய நாவல்களின் வெறிபிடித்த வில்லன்கள் பெரும்பாலும் அட்டைப் பொம்மைகள். இவனுக்கோ வலியும் கடமையும் ஒரு நியாயமும் இருக்கின்றன. காய்ந்த மண் தோலை இழுப்பதை அவன் உணரும் வரிகளில் எனக்கு அச்சத்தைவிட இரக்கமே மிகுந்தது.

இத்தனை இருந்தும் குறை எங்கே என்றால், நாவலின் நடுவில் இருக்கவேண்டிய முடிச்சில்தான். 'டா வின்சி கோட்' படித்தபோது விடுதி அறையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பார்த்து, லாங்டனுக்கு முன் நாம் விடையைக் கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று துடித்தோம். இங்கே அப்படிப்பட்ட புதிர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளன; அவையும் சட்டென்று அவிழ்ந்துவிடுகின்றன. அவற்றின் இடத்தை உரைகள் பிடித்துக்கொள்கின்றன. கேத்தரின் விளக்குகிறார், லாங்டன் மறுக்கிறார், கேத்தரின் இன்னும் விளக்குகிறார், லாங்டன் வியக்கிறார். அவிழ்ப்பதற்கு ஒரு முடிச்சைத் தந்த எழுத்தாளர், இந்த முறை நம்புவதற்கு ஒரு கோட்பாட்டைத் தருகிறார். இரண்டும் ஒரே இன்பத்தைத் தருவதில்லை.

அந்தக் கோட்பாட்டை நாவல் முன்வைக்கும் விதமும் எனக்கு உறுத்தியது. சோதனைகளும் அறிவியல் முடிவுகளும் மெய்யானவை என்ற உறுதிமொழி நூலின் முகப்பிலேயே இருக்கிறது. காபா என்ற வேதிப்பொருள் நரம்புச் செயல்பாட்டை மட்டுப்படுத்துகிறது என்பதும், அதன் செயல் குறைவதற்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதும் பாடநூல் செய்திகள். அங்கிருந்து, காபா குறைந்தால் மூளையின் வடிகட்டி விலகிப் பேருணர்வு உள்ளே வரும் என்பதற்குத் தாவுவது வேறு. நடக்கப்போவதை மனம் முன்கூட்டியே உணர்கிறது என்னும் சோதனைகளில் பெயர்பெற்றதை அமெரிக்க உளவியலாளர் டேரில் பெம் 2011இல் வெளியிட்டார். அவற்றைத் திரும்பச் செய்துபார்த்த பிற ஆய்வாளர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே தொலைவில் உள்ளதைக் காணும் 'ஸ்டார்கேட்' திட்டத்துக்கு அமெரிக்க உளவுத்துறை பணம் செலவிட்டது உண்மை. உளவுக்குப் பயன்படவில்லை என்று 1995இல் மூடியதும் உண்மை. திகில் நாவலில் எதையும் கற்பனை செய்யலாம், எனக்கு அதில் வழக்கில்லை. முகப்பில் அந்த உறுதிமொழி இல்லாதிருந்தால் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன்.

சின்னச் சின்ன ரசனைகளும் உண்டு. லாங்டனின் பதிப்பாசிரியராக வரும் ஜோனஸ் ஃபாக்மன், டான் பிரவுனின் உண்மையான பதிப்பாசிரியர் ஜேசன் காஃப்மனின் பெயரை எழுத்து மாற்றிச் செய்த பாத்திரம். முன்பெல்லாம் தொலைபேசிக் குரலாக வந்துபோனவரை இந்த முறை நியூயார்க் தெருவில் கடத்தவே வைத்திருக்கிறார். தம் சொந்தப் பதிப்பகமான பெங்குயின் ரேண்டம் ஹவுஸின் கணினிகளுக்குள் ஊடுருவலையும் நடத்திக் காட்டுகிறார். மறுபுறம், உள்நாட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரியாக வரும் யானாசெக் வேலை பார்ப்பது, நடைமுறையில் செக் நாட்டின் வெளிநாட்டு உளவுக்கான அமைப்பில். இதை நாவல் பொருட்படுத்தவே இல்லை. லண்டனில் உட்கார்ந்து ஆணையிடும் உளவு அதிகாரியின் அத்தியாயங்கள் சப்பென்று இருக்கின்றன, வேகமாகப் புரட்டிவிடலாம்.

லாங்டனை இதுவரை படிக்காதவர்கள் இந்நூலில் தொடங்க வேண்டாம்; 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' நாவலிலிருந்து வருவதே சரி. கேத்தரினுக்காக 'தி லாஸ்ட் சிம்பல்' நாவலையும் முடித்துவிட்டு வந்தால் அவர்கள் இருவரின் நெருக்கம் நன்றாகப் புரியும். 'இன்ஃபெர்னோ'வைவிட இது எனக்குப் பிடித்திருந்தது, 'டா வின்சி கோட்' அருகில் வைக்கமாட்டேன். நூலை முடித்த மறுநாள், களிமண் மனிதன் வரும் அத்தியாயங்களை மட்டும் தேடியெடுத்து மறுபடி படித்தேன். கடைசியில் திறக்கும் திருப்பத்துக்கான தடயங்களை அவர் ஆரம்பத்திலிருந்தே நம் கண்ணெதிரில் வைத்திருக்கிறார். முதல்முறை தூக்கக் கலக்கத்தில் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன்.