ஊட்டியில் பைப்பெட் ரோபோவோடு மூன்று வருடம்

பைத்தான் நிரல்மொழியில் புரோட்டோகால் (செய்முறைப் படிகள்) எழுதி ஓட்டுகிற பைப்பெட் ரோபோ, அதாவது திரவத்தைத் துளித்துளியாய் அளந்து எடுத்து விடும் இயந்திரம், எங்கள் ஆய்வகத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எம்.எஸ்சி., பிஎச்.டி. பிள்ளைகளுக்கு ஆட்டோமேஷன் பாடம் அதில்தான்.

முதல் வருடம் நேரே பைத்தானில் ஆரம்பித்தது என் தப்பு. லூப் எழுத வந்தது, ரோபோ என்ன செய்யும் என்பது பிடிபடவில்லை. இப்போது முதல் வகுப்பில் கம்ப்யூட்டரே கிடையாது. ஒருவர் ரோபோ, மற்றவர் எழுதிவந்த படிகளை வாசிப்பார். "பஃபரை எடு" என்றால் ரோபோ அசையக் கூடாது. எந்த டிப் (பைப்பெட்டில் மாட்டும் பிளாஸ்டிக் முனை), பிளேட்டில் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று சொன்னால்தான் கை நகரும். ஒரே சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மறக்காது.

ஒரு டிசம்பர் காலை. பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) கலவையை ரோபோவில் போட்ட மாணவி, "மேடம், ரன் முடிஞ்சிருச்சு, எர்ரர் எதுவும் இல்லை" என்றாள். டிஎன்ஏ வந்ததா என்று பார்க்கும் ஜெல்லில் பாதி லேன் (சாம்பிள் ஓடும் தடம்) காலி. கலவையில் சேர்க்கும் என்சைம் இருப்பது 50% கிளிசரால் என்ற கெட்டித் திரவத்தில். குளிரில் அது இன்னும் கெட்டியாகி மெதுவாகத்தான் டிப்பில் ஏறும். இயந்திரம் காத்திருக்கவில்லை, காற்றை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. திரவம் வந்ததா என்று பார்க்கும் சென்சார் எங்களுடையதில் இல்லை. கையால் போட்டிருந்தால் அவள் கட்டைவிரல் தானாகவே நிதானித்திருக்கும். அவளே உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, இரண்டு விநாடி நிறுத்தமும் சேர்த்தாள். இப்போது கலர் போட்ட கிளிசரால் என் மூன்றாவது வகுப்பு.

அப்புறம், உயரம். 2,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பைப்பெட்டுக்குள் இருக்கும் காற்று திரவத்தின் எடைக்குக் கொஞ்சம் கூடுதலாக விரியும், அளவு சற்றே குறையும். அதனால் பேட்ச் தொடங்கும்போது தண்ணீரைத் தராசில் விட்டுப் பார்க்கச் சொல்வேன். 1 மைக்ரோலிட்டர் ஏறக்குறைய 1 மில்லிகிராம், கணக்கு சுலபம்.

96 குழிப் பிளேட்டில் பிரச்சினை இல்லை. குழிக்குக் குழி 9 மி.மீ. என்பது பொது அளவு, எந்தக் கம்பெனி பிளேட்டும் உட்காரும். டிப் செலவுதான் கடிக்கிறது. பயிற்சிக்குப் பழைய டிப்பைக் கழுவி அடுக்குகிறோம், சாம்பிளுக்குக் கூடவே கூடாது.

ஆடிக் காற்றில் மரம் விழுந்து கரன்ட் போனால் பாதி ரன்னில், டிப்பில் சாம்பிளோடு அப்படியே நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடராது. ரோபோவுக்கு முன்னால் யுபிஎஸ் வாங்குங்கள்.