மேட்டர்ஹார்ன்: ஹோர்ன்லி முகடா, லயன் முகடா?

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்னில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் போவது இரண்டே முகடுகளில்தான், அதாவது உச்சி வரை போகும் கூரான பாறை விளிம்புகளில்தான். சுவிட்சர்லாந்துப் பக்கம் செர்மாட்டிலிருந்து ஹோர்ன்லி. இத்தாலிப் பக்கம் செர்வினியாவிலிருந்து லயன். இரண்டுக்கும் போட்டி முதல் ஏற்றத்திலிருந்தே உண்டு. 1865 ஜூலை 14-ல் ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு ஹோர்ன்லி வழியாக உச்சியைத் தொட்டது. மூன்றே நாளில், ஜூலை 17-ல், இத்தாலிய வழிகாட்டி ஜான் அந்த்வான் காரெல் லயன் வழியாக ஏறினார்.

ஆல்ப்ஸ் தர வரிசைப்படி ஹோர்ன்லிதான் கொஞ்சம் சுலபம். அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹோர்ன்லியில் பாறை பெரிதாகக் கஷ்டமில்லை, வழி கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். 3,260 மீட்டரில் இருக்கும் ஹோர்ன்லி குடிலிலிருந்து விடிவதற்கு முன்பே, தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளம்புகிறோம். கீழ்ப்பகுதி முழுக்க உடைந்த பாறை. பலர் வழி தவறிப் போய்ப்போய்த் தேய்ந்த தடங்களும் சரியான பாதை போலவே தெரியும். நம்பிப் போனால் கை வைத்த கல் கையோடு வரும் இடத்தில் போய் நிற்போம். உள்ளூர் வழிகாட்டிகளுக்கு வழி அத்துப்படி, குடிலிலிருந்து முதலில் கிளம்புவதும் அவர்கள்தான். தனியாகப் போகிறவர்கள் பின்னால்தான் போக வேண்டும். 4,003 மீட்டரில் இருக்கும் சோல்வே குடிலை நேரத்துக்கு எட்டாதவர்களைப் பல வழிகாட்டிகள் அங்கேயே திருப்பிவிடுவார்கள். அந்தக் குடில் ஆபத்துக்கு ஒதுங்க மட்டுமே. அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடக்கூடாது.

லயனில் வழி ஓரளவு தானாகவே தெரியும், ஆனால் கைக்கு வேலை அதிகம். 3,830 மீட்டரில் உள்ள காரெல் குடிலில் இரவு தங்க வேண்டும். சமைத்துப் பரிமாற ஆள் கிடையாது, உணவைச் சுமந்துதான் போக வேண்டும். காலையில் குடிலை விட்டதுமே பாறையில் கட்டிவிட்ட, கிட்டத்தட்ட செங்குத்தாகத் தொங்கும் ஒரு கயிறு. அதற்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் 'எழுப்பும் கயிறு'. உடம்பு சூடாகும் முன்பே தோள் பிடித்துக்கொள்ளும்! அப்புறமும் கயிறும் சங்கிலியுமாகப் போய் அதே முகட்டில் நிற்கும் 4,241 மீட்டர் டிண்டால் சிகரத்தைத் தாண்டினால், உச்சிக்குக் கீழே ஜோர்டான் ஏணி என்ற கயிற்றேணி தொங்கும். கயிறுகளில் பனி உறைந்திருந்தால் அன்று திரும்பிவிடுவதே மேல். ஆனால் தென்மேற்கு நோக்கிய முகடு என்பதால், புதுப்பனி விழுந்த பிறகு ஹோர்ன்லியை விட வேகமாகக் காயும்.

கல் விழுவதில் இரண்டு முகடுகளில் எதுவும் யோக்கியமில்லை. 2003 கோடை வெப்பத்தில் ஹோர்ன்லியில் பாறை சரிந்து, மலையில் இருந்த பலரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. அதே கோடையில் லயனிலும் பாறை பெயர்ந்தது. பாறை இடுக்குகளில் உறைந்திருக்கும் பனி இளகினால் இப்படித்தான்.

என் கணக்கு இது: வழிகாட்டியோடு போனால் ஹோர்ன்லி. கயிறு வேலை நன்றாகத் தெரிந்த, உயரத்துக்குப் பழகிய இருவர் தனியாகப் போவதென்றால் லயன். கூட்டமும் அங்கே குறைவு.

ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இறங்கலாம்தான். ஆனால் 1865-ல் விம்பர் குழுவில் நால்வர் இறந்தது இறங்கும்போதுதான். இந்த மலையில் இறங்கவும் ஏறும் அளவுக்கு நேரம் பிடிக்கும். அலுத்துப்போன காலோடு, முன்பின் பார்க்காத முகட்டில் வழி தேடிக்கொண்டு இறங்க நான் யாரையும் அனுப்பமாட்டேன்.