வீட்டுச் சலவைத்தூளா, கடைத்தூளா?

சோப்புக் கட்டியைத் துருவி, சலவைச் சோடா கலந்தால் வீட்டுத்தூள் தயார். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்துடன் சோப்பு சேர்ந்தால் நுரை வராது. வெள்ளைத் திரிதிரியாகத் துணியில் படியும். சோடா அதைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. பலமுறை அப்படித் துவைத்த துண்டைத் தொட்டால் விறைப்பாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது.

கடைத்தூளில் இருப்பது டிடர்ஜென்ட். கடின நீரிலும் அழுக்கை எடுக்கும். ரத்தக் கறை, பால் கறைக்கு என்சைம் (கறையைச் சிதைக்கும் பொருள்) உள்ள தூள்தான் சரி.

அப்புறம், பட்டுக்கும் கம்பளிக்கும் இரண்டுமே வேண்டாம்: சோடாவின் காரமும் என்சைமும் இழையை அரிக்கும். உங்கள் தண்ணீர் மென்னீரா? தாராளமாக வீட்டிலேயே செய்யுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.