டெல்லி வெயிலில் ஆர்டிஎக்ஸ் 3060: எத்தனை டிகிரி வரை போகலாம்?

"80 டிகிரி காட்டுது, கிராபிக்ஸ் கார்டு போயிடுமா?" என்று யாராவது கேட்டால், உங்கள் அறையில் எத்தனை டிகிரி என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். மயூர் விஹாரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறையில் சில வருடங்களாக ஆர்டிஎக்ஸ் 3060 ஓட்டுகிறேன். ஜனவரியில் அறை 14 டிகிரி இருக்கும், சைபர்பங்க் 2077 ஆடினால் கார்டு 60-ஐத் தாண்டாது. ஜூனில் அறை 36, அதே கேம், அதே செட்டிங், 80-ஐ ஒட்டி நிற்கும். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே போகிற காற்றே சூடு, அவ்வளவுதான்.

இந்தக் கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியா இதற்குச் சொல்லும் உச்சம் 93 டிகிரி. அதற்கு முன்பே கார்டு தானாகக் கிளாக்கை, அதாவது தன் வேகத்தை, குறைத்துக்கொள்ளும். அதனால் மே, ஜூனில் 80, 82 பார்த்தால் நான் கண்டுகொள்வதில்லை. டிசம்பரில் அதே 82 வந்தால் உடனே கேஸைத் திறப்பேன்.

கோர் (கார்டின் முதன்மைச் சிப்) வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடான இடம்) என்று ஒரு வரி வரும், அதையும் பாருங்கள். எனக்குப் புதிதில் இரண்டுக்கும் 12, 13 டிகிரி வித்தியாசம் இருந்தது, போன கோடையில் அது 25-ஐத் தாண்டியது. நேரு பிளேஸில் ஒரு கடையில் காட்டினேன், ஃபேன் மாற்ற வேண்டும் என்றார்கள். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது, கோரும் ஹாட்ஸ்பாட்டும் இப்படி விலகிப் போவது பெரும்பாலும் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்ததற்கான அறிகுறி, எனவே ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட் வாங்கி வந்து நானே பிரித்துப் போட்டேன் (மெமரி மேல் இருக்கும், வெப்பம் கடத்தும் பேட் கிழியாமல் எடுப்பதுதான் பெரும்பாடு). வித்தியாசம் பழையபடி 13-க்கு வந்துவிட்டது. ஏஎம்டி கார்டுக்காரர்கள் ஹாட்ஸ்பாட் எண் பெரிதாக இருப்பதாலேயே பயப்படத் தேவையில்லை, ஆர்எக்ஸ் 5700 வரிசைக்கு ஹாட்ஸ்பாட் 110 வரை இயல்பு என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது.

செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 850 மில்லிவோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தினேன். 170 வாட் இழுத்த கார்டு 130 பக்கம் வந்தது, வெப்பம் 7, 8 டிகிரி குறைந்தது, கேம் வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. உங்கள் கார்டு இதே அளவில் நிற்காமல் கேம் நடுவில் மூடிக்கொண்டால் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் தூசி. இங்கே ஒரு ஆந்தி (புழுதிப்புயல்) அடித்தால் ஜன்னல் மூடியிருந்தாலும் மேசை மேல் விரலால் பெயர் எழுதலாம், கார்டு ஹீட்சிங்க் என்ன பாடுபடும்! பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் சில டிகிரி குறையும்தான், இந்த ஊரில் நான் செய்ய மாட்டேன். ஏர் கூலர் காற்று நேராக கேஸில் படும்படியும் வைக்காதீர்கள், ஈரத்தோடு சேர்ந்த தூசி அப்பிக்கொண்டு ப்ளோயருக்குக்கூட வராது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

3080 மாதிரி ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி உள்ள கார்டு வைத்திருந்தால் மெமரி வெப்பத்தையும் கவனியுங்கள். கோர் 70-ல் நிற்கும்போதே மெமரி 100-ஐத் தொடலாம், 110-ல் வேகம் குறைய ஆரம்பிக்கும். பேஸ்டை விட பேட் மாற்றுவதுதான் அங்கே உதவும்.