போபா ஃபெட் 6 இன்ச் ஃபிகர்: ஹெல்மெட் ஒண்ணே போதும்

ஸ்டார் வார்ஸ் படத்துல பணத்துக்கு ஆள் புடிக்கற வேட்டைக்காரனா வர்ற போபா ஃபெட்டோட 6 இன்ச் ஃபிகர்ல (பொம்மைல) முதல்ல பாக்க வேண்டியது ஹெல்மெட்தான், நெத்திக்கு மேல இருக்கற அந்த பள்ளத்த வெறும் பெயிண்ட்ல ஏமாத்தாம நிஜமாவே குழியா மோல்ட் பண்ணிருக்காங்க, விளிம்புல பச்சை உரிஞ்சு சில்வர் எட்டிப் பாக்குது, செம! இந்த கேரக்டர படத்துக்காக வடிவமைச்சவங்கள்ல ஒருத்தரான ஜோ ஜான்ஸ்டன் டிசைனோட உயிரே அந்த அடிபட்ட பழைய கவசம்தான், பளபளன்னு இருந்தா அது போபாவே இல்ல. கேப் துணியில குடுத்ததும் ரொம்ப சரி, பிளாஸ்டிக்னா விறைப்பா நிக்கும். முட்டி நல்லா மடங்குது. முதுகுல ஜெட்பேக் மாட்டுனா மட்டும் பின்னாடி சாயுது, இடுப்ப லேசா முன்னாடி வளைச்சு நிறுத்துங்க. 1979ல கென்னர் கம்பெனி விட்ட போபா பொம்மைல முதுகு ராக்கெட் பாயற வசதிய பாதுகாப்புக்காக எடுத்துட்டு ஒட்டிதான் குடுத்தாங்க, அந்த சின்ன 3.75 இன்ச் பொம்மை பக்கத்துல இத வெச்சா பெயிண்ட் வேலை எவ்ளோ தூரம் வந்துருக்குன்னு பளிச்னு தெரியும். தாராளமா வாங்கலாம்.