பாட்டிக்கு 40, பேத்திக்கு 600

இந்த டிசம்பர் லீவில் ஊருக்குப் போனபோது மாமல்லபுரம் போகணும் என்று முதலில் கேட்டவள் என் மகள்தான். 16 வயது, பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். பள்ளி நாட்களில் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய், அலையில் கால் நனைத்துவிட்டு, சுண்டல் தின்று திரும்பிய இடம் அது. அப்போது டிக்கெட் எடுத்தோமா என்றுகூட நினைவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2021-22ஆம் ஆண்டில் தாஜ்மகாலைவிட அதிக வெளிநாட்டவர் வந்த இடம் மாமல்லபுரம், ஏறத்தாழ 1.44 லட்சம் பேர். “க்யூல நிக்காதீங்கண்ணா, போன்லயே எடுத்துடுங்க” என்றாள் தங்கை. முதல் நாள் இரவு சாப்பிட்டு முடித்து, திண்ணையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அம்மா இந்தியக் குடிமகள், சிக்கல் இல்லை. நானும் மனைவியும் மகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை மூவரிடமும் உண்டு. நாடு எது என்று கேட்ட இடத்தில் என் விரல் அப்படியே நின்றுவிட்டது. தப்பாகப் போட்டு நாளைக்கு வாசலில் வாக்குவாதம் வந்தால்? சரி, அம்மாவுக்கு மட்டுமாவது எடுக்கலாம் என்று பார்த்தால் என் வங்கி அட்டைக்கு ஓடிபி வரவே இல்லை. அது வரவேண்டிய சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். மூன்று முறை முயன்றுவிட்டுப் போனை மூடினேன்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைப் புறப்படுவதற்கு முன்பே சரி செய்துகொள்வது நல்லது. வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்தால், போனிலேயே பணம் கட்டும் யுபிஐ வசதியைச் சிங்கப்பூர் எண்ணிலேயே வைத்துக்கொள்ள 2023இல் வழி திறந்தார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சிலவும் அந்த முதல் பட்டியலிலேயே உண்டு. நான் அதைச் செய்யாமல் விட்டது என் சோம்பல்தான்.

காலை ஏழரைக்கெல்லாம் ஐந்து ரதங்கள் வாசலில் நின்றோம். நாங்கள் போனபோது இருந்த கட்டணம் இதுதான்: இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ரொக்கம் இல்லாமல் கட்டினால் முறையே 5 ரூபாயும் 50 ரூபாயும் குறையும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரே டிக்கெட்டில் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்கலாம். அதனால் முதல் இடத்தில் பார்த்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அர்ச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது, அதற்கு டிக்கெட் வேண்டாம்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு நினைவுச்சின்னங்கள், அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் இந்தியருக்கான கட்டணமே என்று 2021 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிப்பிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி 600 கட்டிவிட்டு வந்த நண்பர்களை எனக்குத் தெரியும். கவுண்டரில் இருந்த தம்பி எங்கள் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், 40 ரூபாய் டிக்கெட்டே கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“பாப்பாவோடது?”

அவளுடைய அட்டை காஞ்சிபுரத்தில், பீரோவில் இருந்தது. ஓசிஐ அட்டைகளை எடுத்து வைத்தவன் நான்தான். எங்கள் இரண்டு பேருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன். கையில் இருந்தது அவளுடைய சிங்கப்பூர் பாஸ்போர்ட். அந்தத் தம்பியை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை, 600 ரூபாயை நீட்டினேன். அம்மா மட்டும், “என் பேத்திப்பா, இந்த ஊர்ப் பொண்ணுதான்” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் “தெரியுதும்மா” என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

பணம் பெரிதில்லை. ஆனால் அந்தச் சீட்டை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாட்டிக்கு 40, எனக்கு 600ஆ அப்பா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இதைப் பிறகு நண்பர்களிடம் சொன்னபோது இன்னும் சில விஷயங்கள் தெரிந்தன. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் இன்னும் இலங்கை பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கைச் சேர்ந்த நாட்டவர் என்பதால் அவருக்கு 40 ரூபாய். பினாங்கில் இருக்கும் நண்பர், நாலு தலைமுறைக்கு முன் தோட்ட வேலைக்குப் போன குடும்பம், வீட்டில் இன்றும் நல்ல தமிழ், அவருக்கு 600. இந்தியாவிலிருந்து போன முன்னோரைக் காட்டி ஓசிஐ வாங்கலாம். ஆனால் கப்பலேறிப் போன கூலியாளின் காகிதத்தை எங்கே போய்த் தேடுவது? இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உள்ளே போனதும் மகள் கொஞ்சம் தேறிவிட்டாள். ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டிருப்பதைக் காட்டினேன். கூரை வீடு போல இருக்கும் திரௌபதி ரதத்தின் முன்னால் பாட்டியும் பேத்தியும் வெகுநேரம் நின்றார்கள். கடற்கரைக் கோயிலில் வெயில் ஏறிவிட்டது, சீக்கிரம் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் கட்டியது. இதுவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது, ஆனால் டிக்கெட் கிடையாது. வாசலில் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளியே வரவேண்டும். “மறுபிறவி இல்லைம்பாங்கடி” என்று பாட்டி சொல்ல, அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே தவழ்ந்தாள்.