வெளிநாடு போக எடை குறைந்த கேமரா: கும்பகோணத்து பீரோவையும் கணக்கில் சேர்த்து

திருச்சியில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து கெடா, அப்புறம் சியாம் ரீப் போய் அங்கோர் வாட் என்று பயணம் முடிவானதுமே வீட்டில் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெரிய கேமராவையுமா தூக்கிக்கொண்டு வரப்போகிறீர்கள் என்பதுதான். நியாயமான கேள்வி. மலிவு விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான். பழைய டிஎஸ்எல்ஆரும் அதன் ஜூம் லென்ஸும் மட்டுமே அதில் ஒரு கிலோவுக்கு மேல் தின்றுவிடும். ஆகவே சின்னதாக ஒன்று பார்க்கலாம் என்று இறங்கி, கடைசியில் கேனான் ஆர்50 வாங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதியிருப்பதில் அந்தப் பக்கம் சாய்வு கண்டிப்பாக இருக்கும்.

போனே போதாதா என்று கேட்பவர்களுக்கு: வெயிலில், அகலமாக எடுக்க, வாட்ஸப்பில் அனுப்ப, போதும். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

என் கடைசிப் பட்டியலில் மூன்று இருந்தன. ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரி கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, 302 கிராம். கேனான் ஆர்50, 375 கிராம், அதோடு சேர்த்தே விற்கும் 18-45 லென்ஸ், கிட் லென்ஸ் என்பார்கள், 130 கிராம், ஆக 505. எடையை மட்டும் பார்த்தால் கதை இங்கேயே முடிந்தது, கேனான் வெளியே. ஃபுஜி எக்ஸ்100 மார்க் 6 பற்றியும் கேட்பீர்கள். 521 கிராம், மாற்ற முடியாத ஒரே லென்ஸ், அழகான கேமரா, ஆனால் அந்த விலைக்கு என் பட்ஜெட் வராது.

ஜிஆர் 3-ஐ நண்பர் ஒருவரிடம் வாங்கிச் சில வாரம் வைத்திருந்தேன். தாராசுரத்துக்கு எடுத்துப் போனேன், ஏனென்றால் அங்கே ராஜகம்பீரன் மண்டபத் தூண்களில் உள்ளங்கை அளவுகூட இல்லாத சிற்பங்கள் இருக்கின்றன. ஒரு கேமரா கிட்டத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. மேக்ரோவில் 6 செ.மீ. வரை நெருங்கலாம், தூண் கட்டத்துக்குள் ஆடுகிற பெண்ணின் கால் சலங்கை மணிகளை எண்ணுகிற அளவுக்குத் துல்லியம் வந்தது. ஏபிஎஸ்-சி என்கிற பெரிய அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), 28 மி.மீ.க்குச் சமமான (எண் குறையக் குறையக் கோணம் அகலம்) எஃப் 2.8 லென்ஸ் (இந்த எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம்), கேமரா பாடியிலேயே கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி, எல்லாம் சட்டைப் பைக்குள். படத்தின் தரத்தில் இந்த மூன்றில் இதுதான் முதல். வியூஃபைண்டர் கிடையாது, உச்சி வெயிலில் ஸ்க்ரீனில் பாதி தெரியாது, பேட்டரி நிறுவனக் கணக்கிலேயே 200 படம்தான். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். ஜூம் இல்லையே என்பது முதலில் உறுத்தும், அப்புறம் நாமே நாலு அடி முன்னே பின்னே போகப் பழகிவிடுவோம். 2025-இல் ஜிஆர் 4 வந்துவிட்டது, அதை நான் கையில் எடுத்ததில்லை.

சோனியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. சித்தப்பா பையன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு மாலை முழுக்க அதைப் பெரிய கோயிலில் வைத்து விளையாடினேன், அவ்வளவுதான் அனுபவம். 24-லிருந்து 200 மி.மீ. வரை ஜூம் என்பது பயணத்துக்கு வரப்பிரசாதம். 200 அடியைத் தாண்டும் கோயில் விமானத்தை முழுசாக எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மேல் தளத்துப் பூதகணத்தை இழுத்துப் பிடிக்கலாம். தம்மாத்துண்டு பாடியிலிருந்து வியூஃபைண்டர் துள்ளிக்கொண்டு மேலே வருவது வேறு வேடிக்கை. ஆனால் சென்சார் ஒரு இஞ்ச் வகை, பொழுது சாய்ந்ததும் படத்தில் மணல் தூவினதுபோல் புள்ளிகள் வந்துவிட்டன. விலையும் கிட் லென்ஸோடு வரும் ஆர்50-ஐவிட அதிகம்.

ஒரு கணக்கு சொல்கிறேன், கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஒரு இஞ்ச் சென்சாரைவிடப் பரப்பளவில் ஏறக்குறைய மூன்று மடங்கு, ஆகவே இருட்டில் மூன்று மடங்கு நல்லது என்று நினைத்துவிடுவோம். ஆனால் சோனி லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2.8, கேனானின் கிட் லென்ஸ் எஃப் 4.5. அந்த வித்தியாசமே இரண்டரை மடங்கு வெளிச்சம். சென்சாரில் வந்த லாபம் லென்ஸில் போய்விட்டது. ஆர்50-ஐ வெறும் கிட் லென்ஸோடு வைத்துக்கொண்டால் கோயில் பிராகாரத்து அரையிருட்டில் சோனியைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்க முடியாது. 120 கிராம் எடையில் ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 என்று தட்டையாக ஒரு லென்ஸ் இருக்கிறது, அதையும் சேர்த்தால்தான் அந்தச் சென்சாருக்கு வேலை. மொத்தம் 625 கிராம் ஆகிவிடும், ஜிஆரைப்போல் இரண்டரைப் பங்கு.

அப்படியும் ஏன் கேனான்? இங்கேதான் நம் ஊர் வருகிறது.

வெளிநாட்டுப் பயணக் கேமரா என்று பேர், ஆனால் வருஷத்தில் அது வெளிநாட்டில் இருப்பது கொஞ்ச நாள். மீதி நாளெல்லாம் காவிரிக் கரையில் ஒரு வீட்டு பீரோவுக்குள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வீடுகளில் உப்பு ஜாடி கசிகிறது, அப்பளம் நமுத்துப் போகிறது, ஷெல்ஃபில் இருக்கும் தோல் செருப்பில் வெள்ளை பூக்கிறது. அந்த ஈரம் லென்ஸை மட்டும் விட்டுவைக்குமா? காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி, இருட்டாகவும் காற்றோட்டம் இல்லாமலும் இருந்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். விரல் ரேகையின் எண்ணெயும் தூசியும் அதற்குச் சாப்பாடு. முதலில் நூலிழைபோல் ஒரு மூலையில் ஆரம்பிக்கும், படத்தில் தெரியவே தெரியாது. போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் காட்டி முன்னாலிருந்து சாய்வாகப் பார்த்தால்தான் கிளை கிளையாகத் தெரியும். நாளாக ஆக வெயிலுக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும், பூஞ்சை விடுகிற அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், அதற்கப்புறம் துடைத்தாலும் தழும்பு போகாது.

மாற்றும் லென்ஸ் உள்ள கேமராவில் இது வந்தால் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். சரிப்படவில்லையா, கிட் லென்ஸ்தானே, பழைய லென்ஸ் ஒன்று பாடி விலையோடு பார்க்கையில் சின்னத் தொகைக்குக் கிடைத்துவிடும், பாடி தப்பித்துவிடும். ஜிஆர், சோனி மாதிரி லென்ஸ் மாற்ற முடியாத காம்பாக்ட்டில் அப்படி இல்லை. லென்ஸும் சென்சாரும் ஒரே கூண்டுக்குள். உள்கண்ணாடியைத் தொட வேண்டுமானால் முழுசாகப் பிரிக்க வேண்டும், பல இடங்களில் பிரிக்கக்கூட மாட்டார்கள், லென்ஸ் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். மச்சான் வைத்திருந்த பழைய காம்பாக்ட் ஒன்றுக்கு இதே வியாதி வந்து, கம்பெனி பேர் வேண்டாம், சென்னைக்கு அனுப்பிக் கேட்டபோது சொன்ன செலவும் அந்தக் கேமராவைப் பழைய விலைக்கு விற்றால் வரும் பணமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. இன்றைக்கும் அது அவர் வீட்டு டிவி ஸ்டாண்டில் அலங்காரமாக இருக்கிறது. பூஞ்சை பொதுவாக வாரண்டியிலும் வராது. சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மலிவாக வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும், பெரும்பாலும் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லாது என்பதையும் சேர்த்துப் பார்க்கவும்.

தூசி இன்னொன்று. ஆன் செய்தால் நீண்டு, ஆஃப் செய்தால் உள்ளே போகும் லென்ஸ் சைக்கிள் பம்ப் மாதிரி, ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஜிஆர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறையும் இதுதான், சென்சாரில் தூசி உட்கார்ந்துவிடும், நாமே துடைக்க வழியில்லை. தை மாதம் அறுவடை மெஷின் ஓடும் வயல் பக்கம் நின்றிருக்கிறீர்களா? அந்தச் சுணை சட்டைக்குள் போனாலே குளிக்காமல் தீராது. ஆர்50-இல் லென்ஸ் மாற்றும்போது தூசி நேராகவே சென்சாரில் விழும் என்பது உண்மைதான், இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் விழுந்தது கண்ணுக்குத் தெரியும், கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் நாலு தடவை ஊதினால் பெரும்பாலும் போய்விடும்.

எதை வாங்கினாலும் வைக்கிற விதம் முக்கியம், அதையும் சொல்லிவிடுகிறேன். கேமராப் பையிலேயே வைத்து பீரோவில் போடாதீர்கள், துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டுப் புடவை அடுக்கில் பாச்சை உருண்டை பக்கத்தில் வேண்டவே வேண்டாம், நிக்கான் தன் கையேடுகளிலேயே இதைச் சொல்கிறது. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம், தவிட்டுத்தூள்தான் உள்ளே போகும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் ஒரு கை, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, தீர்ந்தது. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழையபடி நீலமாகும், சமையல் வாணலி வேண்டாம், வீட்டில் சண்டை வரும். கரண்டில் ஓடும் டிரை கேபினட்டும் நல்லதுதான், ஆனால் 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் நான் டப்பாவோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, அங்கே போய் ஆர்50 எப்படி இருந்தது? கெடாவில், மெர்போக்கில் புஜாங் பள்ளத்தாக்குச் சண்டிகள், அதாவது பழங்காலக் கோயில்கள், மரநிழலுக்குள் இருக்கின்றன, ராஜேந்திரன் படை அனுப்பிய கடாரம் இதுதான் என்று போய் நின்றால் அடித்தளக் கற்கள்தான் மிச்சம். அங்கே கிட் லென்ஸே போதுமாக இருந்தது. அங்கோர் வாட் வேறு. பாற்கடல் கடையும் சிற்ப வரிசை ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், தாழ்வாரத்தில் பின்னால் நகர்ந்து எடுக்க இடமில்லை, ஒரு பக்கத் தூண்களின் வழியாக மட்டும் வெளிச்சம். தாராசுரமும் அதுவும் ஒரே நூற்றாண்டு என்பது அசுரர் வரிசையின் முகங்களைப் பார்க்கும்போது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. தட்டை லென்ஸை மாட்டினால் வெளிச்சம் கிடைத்தது, ஆனால் அது ஆர்50-இல் 45 மி.மீ. கோணமாகிவிடும், துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது. கிட் லென்ஸில் அகலம் கிடைத்தது, ஆனால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் வரும்) 3200-க்கு ஏறியது. இன்னொன்று, ஆர்50 பாடியில் நடுக்கம் தாங்கும் வசதி கிடையாது, கிட் லென்ஸில் உண்டு, தட்டை லென்ஸில் இல்லை. அந்தத் தாழ்வாரத்தில் மட்டும் கையில் ஜிஆர் இருந்திருந்தால் என்று தோன்றியதை மறைக்கவில்லை.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் எந்தக் கேமராவும் கண்ணாடி பனித்துப் போகும், பைக்குள்ளேயே அரை மணி விட்டு எடுக்கவும். மழைக்கும் இந்த மூன்றில் எதற்கும் காப்பு கிடையாது. உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

பேட்டரி என்றதும் ஒன்று. ஆர்50-க்குப் போடும் எல்பி-இ17 பேட்டரிதான் கேனானின் 200டி டிஎஸ்எல்ஆருக்கும். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் 200டி இல்லாத கூட்டம் அபூர்வம், ஆகவே கும்பகோணத்து ஸ்டுடியோக்காரரிடம் அவசரத்துக்கு பேட்டரி, சார்ஜர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்தார். நாளைக்கு விற்க நினைத்தாலும் கேனான் என்றால் அதே ஸ்டுடியோ வட்டாரத்தில் கேட்க ஆள் இருக்கும். ஜிஆருக்கும் மவுசு உண்டு, பார்த்து வாங்குகிறவர்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் அதிகம், கூரியரில் அனுப்பித்தான் விற்க வேண்டியிருக்கும் என்று நண்பர் சொன்னார். நான் இரண்டையும் விற்றுப் பார்த்ததில்லை.

அடுத்து 10-18 லென்ஸ் வாங்கலாமா என்று யோசனை ஓடுகிறது. 150 கிராம்தான், நடுக்கம் தாங்கும் வசதி உண்டு, கோபுரத்துக்கும் அங்கோர் மாதிரி தாழ்வாரத்துக்கும் அதுதான் சரியான கோணம். இங்கே யாராவது வைத்திருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கிப் பெரிய கோயிலில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.